கேள்விக்குறிக்கு ஒரு அக்கா

"கூடப் பிறந்தவளுக்கு ஆபரேஷன் முடிஞ்சு மூணு நாளாச்சு. ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்த்தாளா உங்கக்கா? கல்நெஞ்சக்காரி!" அம்மா ஆரஞ்சுப் பழத்தைக் கோபமாக உரித்தாள்.

சின்னவளுக்குப் பதினாலு வயது. வளைந்து போயிருந்த முதுகெலும்பைக் கம்பி வைத்து நிமிர்த்தியிருந்தார்கள்.

"அவளுக்கு ஆஸ்பத்திரி வாடையே ஆகாதும்மா. ஸ்கூல்ல தடுப்பூசி போட வந்தப்ப, மதில் ஏறிக் குதிச்சு ஓடினவதானே?"

"உன்னைக் கேள்விக்குறின்னு கிண்டல் பண்ண மட்டும் வாய் காது வரைக்கும் நீளும்!"

சின்னவள் சிரித்தாள். ஆனால் உள்ளுக்குள் வலித்தது. அக்கா வந்து கிண்டலாவது பண்ணியிருக்கலாம்.

டாக்டர் வந்தார். "ஆபரேஷன் அப்போ உன் எலும்பு மஜ்ஜை கொஞ்சம் எடுத்தோமே, அதுல இருக்கிற ஸ்டெம் செல் சரியா எலும்பா மாறாம சோம்பேறித்தனம் பண்ணுதோன்னு சந்தேகம். உன் முதுகு வளைஞ்சதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். ஆராய்ச்சி பண்றோம்."

"மத்தவங்களோடது எவ்வளவு சுறுசுறுப்புன்னு தெரியாம, என்னோடதைச் சோம்பேறின்னா எப்படி டாக்டர்?"

"கெட்டிக்காரி! அதுக்குத்தான் மஜ்ஜை கொடுக்க நேர்முதுகு இருக்கிற இளவட்டங்க வேணும்னு காலேஜ் வரைக்கும் நோட்டீஸ் கொடுத்தோம். இடுப்பு எலும்புல ஊசின்னதும் ஒருத்தரும் வரலை."

"நான் தர்றேன்னேன். வயசு தாண்டிடுச்சுன்னுட்டீங்க," என்றாள் அம்மா, இன்னும் ஆறாமல்.

டாக்டர் சிரித்துக்கொண்டே, "இன்னைக்குப் பத்தடி நட, போதும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நர்ஸ் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, சின்னவள் வராந்தாவில் அடியெடுத்து வைத்தாள். ஐந்தாவது அடியில் எதிர் அறையிலிருந்து ஒரு அலறல்.

"ஐயோ! அம்மா! கொல்றாங்களே!"

சின்னவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"பயப்படாதே," என்று நர்ஸ் சிரிப்பை அடக்கினாள். "ஆராய்ச்சிக்கு மஜ்ஜை கொடுக்க ஒரு காலேஜ் பொண்ணு தானாவே வந்திருக்கு. ஊசி இன்னும் உறையை விட்டே வெளிய வரலை. அதுக்குள்ள இந்தக் கூப்பாடு!"

அம்மாவும் சின்னவளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்தத் தொண்டை உலகத்துக்கே ஒன்றுதான்.

பத்தடியோடு சின்னவள் நிற்கவில்லை. பதினைந்தாவது அடியில் கதவைத் தள்ளினாள்.

குப்புறப் படுத்திருந்த அக்கா ஒற்றைக் கண்ணைத் திறந்தாள்.

"என்னடி பார்த்துட்டு நிக்கிறே, கேள்விக்குறி? வந்து கையைப் பிடிடி!"