வயது வந்தவர்களுக்கு மட்டும்

“சோனியாவுக்குப் பதினெட்டு வயசாகட்டும். அதுவரைக்கும் அவகிட்ட வாயத் திறக்கக் கூடாது” என்று சோனியாவின் அம்மா ஜோசபின் அன்று சொன்னாள்.

“அதுக்கு நாலு வருஷம் இருக்கே!” என்றான் டேனியல்.

“முடியாதுன்னா வேற பொண்ணப் பாத்துக்கங்க.”

டேனியல் காத்திருந்தான்.

இன்று சோனியாவுக்குப் பதினெட்டாவது பிறந்தநாள். அவள் பார்க்க ஆசைப்பட்டது ‘ஏ’ சான்றிதழ் பெற்ற ஆங்கிலப் படம். ஜோசபின்தான் இருவரையும் தேஹு ரோடு வீட்டிலிருந்து அனுப்பிவைத்தாள். தியேட்டர் வாசலில் வயது கேட்டவரிடம் சோனியா பெருமையாகக் கல்லூரி அடையாள அட்டையை நீட்டினாள்.

திரையில், பாழடைந்த நகரத்தில், ஒரு குடம் தண்ணீருக்காக ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். டேனியல் கண்களை மூடிக்கொண்டான்.

“அரே, பயமா? இந்த ஹீரோயின் சாக மாட்டா. காமிக்ஸ்லயே படிச்சிட்டேன்” என்று சோனியா சிரித்தாள்.

இடைவேளையில் வடா பாவைக் கடித்தபடி, “முகமே சரியில்லையே, படம் பிடிக்கலயா?” என்றாள்.

“உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். நாலு வருஷமா மனசுலயே வச்சிருக்கேன்.”

சோனியா மெல்லுவதை நிறுத்தினாள். “கேளுங்க.”

“இறந்துபோன உங்கப்பாவோட இடம் எப்பவும் அவருக்குத்தான். உனக்குச் சம்மதம்னா மட்டும்... உங்கம்மாவ நான் கல்யாணம் பண்ணிக்கட்டுமா?”