பெங்களூர் ரியோவுக்காக

“கம் டு மீ. சிட் வித் மீ. லுக் அட் மீ.”

கண்ணாடி முன்னால் நின்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தார் பொன்னுரங்கம்.

“மீ எல்லாத்துலயும் ஒட்டிக்கினு வருது. நடுவுல இந்த டு, வித், அட்டுதான் மாறி மாறி வந்து உசுர வாங்குது.”

“இன்னாத்துக்குய்யா இந்த வயசுல?” என்றாள் மனைவி குஞ்சம்மாள்.

“ரியோ பெங்களூர்ல வளந்தவன். இங்கிலீசு வுட்டா ஒண்ணும் புரியாதுன்னு மவன் சொன்னான். ரெண்டு மாசம் நம்ம வூட்டுல இருக்கப்போறான். நான் இங்கிலீசுல பேசப்போறேன்னு டீக்கடைல வேற சொல்லித் தொலைச்சிட்டேன்.”

மறுநாள் மகனின் கார் வாசலில் வந்து நின்றபோது, டீக்கடைக் கூட்டமே வேடிக்கை பார்க்கத் திரண்டிருந்தது. கார் கதவு திறந்ததும் பொன்னுரங்கம் இரண்டு கைகளையும் நீட்டினார்.

“ரியோ! கம் அட் மீ! சிட் டு மீ!”

ரியோ அவரை ஏற இறங்கப் பார்த்தான். அசையவில்லை.

“வாடா ராஜா, கருவாட்டுக் கொழம்பு வச்சிருக்கேன்,” என்றாள் குஞ்சம்மாள்.

ரியோ ஒரே தாவலில் இறங்கி, வாலை ஆட்டிக்கொண்டு அவள் பின்னால் ஓடினான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

“உனுக்கு இன்னா, இங்கிலீசுல சொல்லணுமா? வந்து துன்னுய்யா!” உள்ளேயிருந்து குஞ்சம்மாள் குரல் கொடுத்தாள்.

பொன்னுரங்கமும் அதே வேகத்தில் உள்ளே ஓடினார். வால் ஒன்றுதான் குறைச்சல்.