மீன்கொத்தி உட்கார்ந்த இடம்

மேப்பிள் இலைகள் சிவந்து உதிரும் நாட்களில், எட்சுகோ அம்மையார் காலைதோறும் கேமராவுடன் ஜப்பானின் கானாசாவா நகரப் பூங்காவின் குளக்கரைக்கு வருவார். அங்கே வரிசையாக நின்று படமெடுக்கும் முதியவர்களுக்கு நிஷிதா தலைவர். மீன்கொத்தி வந்து அமரட்டும் என்று, வெளிச்சம் விழும் இடம் பார்த்து அவரே தண்ணீரில் ஒரு கிளையை நட்டிருந்தார். எல்லோருடைய படத்திலும் பறவை அந்தக் கிளையில் இருந்தது. எட்சுகோவின் படத்தில் மட்டும் கிளை இல்லை. பறவை விரல்களை மடக்கி வெறுங்காற்றில் அமர்ந்திருந்தது.

"கிளைய கம்ப்யூட்டர்ல அழிச்சிட்டு வந்து நம்மகிட்டயே காட்டுறாங்க. ஏமாத்துக்காரங்களுக்கு இங்க இடமில்லம்மா," என்றார் நிஷிதா, எல்லோரும் கேட்க.

"எனக்குக் கம்ப்யூட்டரத் திறக்கவே தெரியாது. அங்க இருந்தத எடுத்தேன். நாளைக்கும் வருவேன், உங்க பக்கத்துலயே நிப்பேன். முடிஞ்சா தள்ளிப் பாருங்க."

மறுநாள் அப்படியே வந்து நின்றார். மீன்கொத்தி கிளையில் அமர்ந்ததும் படமெடுத்து, கேமராவை நிஷிதாவின் கையில் வைத்தார்.

"இப்போ எந்தக் கம்ப்யூட்டர்ல அழிச்சேன், சொல்லுங்க."

நிஷிதா திரையைப் பார்த்தார். குளத்தைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார். பிறகு கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கால்சட்டையோடு குளிர்ந்த நீரில் இறங்கிக் கிளையைப் பிடுங்கினார்.

மீன்கொத்தி பறக்கவில்லை. இருந்த உயரத்திலேயே இருந்தது.

முழங்கால் நீரில் நின்றபடி, வரிசை முழுவதும் பார்க்க, நிஷிதா எட்சுகோவை நோக்கி இடுப்பு வளையக் குனிந்தார்.

"ஏமாத்துக்காரின்னு சொன்னது என் தப்பு. மன்னிச்சிடுங்க."

அவர் முதுகுக்குப் பின்னால் பறவை தண்ணீரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது.