நிலவன் சாரின் சம்மதம்

வியட்நாமில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்த நிலவன், பெட்டி படுக்கையோடு கோட்டுச்சேரிக்குத் திரும்பி வந்ததிலிருந்து மனைவி தாமரைச்செல்வி அவனைக் குடைந்துகொண்டே இருந்தாள்.

"ஒழுங்கா பாடம் நடத்துனீங்களா, இல்லையா?"

"பசங்களுக்கு எம்மேல உசிரு. என்ன, சரியான பதிலைச் சொல்லுவானுங்க, என் மூஞ்சியப் பாத்துட்டு உடனே மாத்திடுவானுங்க. அதான் ஏன்னே புரியல."

"பிரின்சிபாலம்மா என்னதான் சொன்னாங்க?"

"அடுத்த வருஷமும் இருக்கீங்களான்னு கேட்டாங்க. சந்தோஷமா சம்மதிச்சுட்டேன். மறுநாளே கேக் வெட்டி வழியனுப்பிட்டாங்க!"

அந்த நேரம் பார்த்து பிரின்சிபாலம்மாவே வீடியோ காலில் வந்து, ஆங்கிலத்தில் கேட்டார். "ஏன் சார் இருக்க மாட்டேன்னுட்டீங்க? பிள்ளைங்க அழுறாங்க."

"நானா? எப்ப மேடம்?"

"நான் கேட்டதும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமா தலையை ஆட்டினீங்களே!"

நிலவன் திகைத்துப் போனான். நம்மூர்ச் சம்மதம் அந்த ஊரில் மறுப்பாகப் போயிருந்தது.

"போகட்டும். இப்போ திரும்பி வர்றீங்களா?"

பூரிப்பில் நிலவனின் தலை ஆடத் தொடங்கியது. பக்கத்தில் நின்ற தாமரைச்செல்வி பாய்ந்து வந்து, இரண்டு கையாலும் அதை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வாயத் தொறந்து சொல்லுங்க!"