முப்பத்தொரு சதவீதம்

மகள் ஆதிரை சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைவிட்டுப் போன அன்று அவளுடைய கணினியில் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தது. இன்னமும் முப்பத்தொரு சதவீதத்திலேயே நிற்கிறது. ‘கணினியை அணைக்க வேண்டாம்’ என்கிறது நீலத்திரை. அவள் எங்கே போனாள் என்பதற்கான தடயம் அதற்குள்தான் இருக்கும் என்று நம்பினார் தணிகாசலம்.

பார்க்க வந்த மெக்கானிக், “பட்டனை அழுத்திப் பிடிச்சு ஆஃப் பண்ணிட்டு மறுபடி போடணும் சார். வந்தா வரும். இல்லன்னா உள்ள இருக்கிறது மொத்தமும் போயிரும்” என்றான்.

அவர் மனைவி குணவதி பட்டனைக் கையால் மறைத்துக்கொண்டாள். “அவ போட்டுட்டுப் போனது. அவளே வந்து ஆஃப் பண்ணட்டும்.”

“பைத்தியமாடி உனக்கு? அது நகரவே இல்ல” என்று கத்தினார் தணிகாசலம். தினமும் கத்தினார்.

இன்று மதியம் போன கரண்ட் வரவேயில்லை. கணினியை ஓட்டிக்கொண்டிருந்த யூபிஎஸ், பேட்டரி தீரப்போவதாகக் கூவத் தொடங்கியது. அடுப்படியிலிருந்து குணவதி ஓடிவந்தபோது, எதிர்த்த பேக்கரியின் ஜெனரேட்டரிலிருந்து ஒயரை இழுத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் அவர் தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தார். ஒயர் வாசற்படியோடு தீர்ந்துபோனது. அதை விட மனமில்லாமல் அங்கேயே நின்றபடி, “எவ்வளவுடி காட்டுது?” என்றார்.

கூவல் ஒரே இழுவையாக நீண்டு, நின்றது.

“முப்பத்திரண்டுங்க” என்றாள் குணவதி, இருண்டுவிட்ட திரையைப் பார்த்தபடி.