அருளப்பனின் நாடி

ரயில் நின்றுபோன ஊரில், தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுச் சைக்கிள் பாதை போட்டிருந்தார்கள். ஐம்பதைத் தாண்டிய எல்லாரும் வாரம் ஒருமுறை அதில் பன்னிரண்டு கிலோமீட்டர் மிதித்தாக வேண்டும். முடியாதவர்களை ஓய்வில்லத்துக்கு ஏற்றிப்போனார்கள். போனவர் யாரும் திரும்பவில்லை.

அருளப்பனுக்கு முட்டி இரண்டும் போய்விட்டது. அதனால் அவர் பெயருக்கு நாடி பார்க்கும் கைப்பட்டை வந்த நாளிலிருந்தே அதைக் கட்டிக்கொண்டு மனைவி செசிலிதான் மிதித்தாள். அவளுக்கு ஐம்பதாக இன்னும் இரண்டு வருடம் இருந்தது. பாதை யார் முகத்தையும் பார்ப்பதில்லை. பட்டையில் இருக்கும் பெயரும், அதற்கடியில் துடிக்கும் நாடியும் அதற்குப் போதும்.

இன்று பாதையின் குறுக்கே இருந்த பழைய ரயில்வே கேட் அவளுக்குத் திறக்கவில்லை.

"அருளப்பன், உங்கள் இதயம் மூன்று மாதத்துக்கு மேல் தாங்காது. நாளைக் காலை ஓய்வில்லத்து வண்டி வரும்" என்றது கேட்.

செசிலி சைக்கிளை உருட்டிக்கொண்டே வீடு வந்து, கேட்டதை அப்படியே சொன்னாள். அருளப்பன் நெஞ்சைத் தடவிப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் செய்யலையே புள்ள. நல்லாத்தான இருக்கு."

"உங்களுக்கு நல்லாத்தாங்க இருக்கு."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அதக் கழட்டிக் குடு. பேரு என் பேருதான? நான் போறேன், நீ இரு."

காலையில் ஆளில்லாத வண்டி வாசலில் வந்து நின்றது. அருளப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய், பட்டை கட்டிய கையைக் கதவில் வைத்தார்.

"நாடி பொருந்தவில்லை. நீங்கள் அருளப்பன் இல்லை" என்றது வண்டி.

செசிலி பட்டையைக் கழற்றித் தன் கையில் கட்டிக்கொண்டாள். கதவு திறந்தது.