வலதுபக்கம் நாளைக்கு

டீச்சர் வெளிமாநிலப் பிள்ளைகளுக்குத் திரையில் ஊர் வரைபடத்தை ஓட்டிக் காட்டித் தமிழில் வழி சொல்லப் பழக்கினார். ஜன்னலோர மரத்திலிருந்த மைனாவும் சேர்ந்து கற்றது.

மணி அடித்ததும் பூனை வந்தது. வீட்டில் வளர்ந்த அதற்கு மனித பாஷைதான் தெரியும்.

“ஏய் மைனா, அணில் குட்டி போட்டிருக்காமே, எங்கே?”

பொந்து மைனாவின் தலைக்கு மேலேயே இருந்தது. “சுவரோரமா நேராப் போ. மூலைக்கு மூலை இடதுபக்கம் திரும்பு.”

பூனை பள்ளிக்கூடத்தைச் சுற்றி அதே மரத்தடிக்கு வந்தது. மைனா அதையே மறுபடி சொன்னது. பூனை மறுபடி சுற்றி வந்து, இந்தத் தடவை நிமிர்ந்து பார்த்தது.

“வேற ஏதாவது சொல்லித் தொலையேன்டி!” அணில் மரத்துப் பாஷையில் பதறியது.

“இன்னைக்கு இவ்வளவுதான் நடத்தினாங்க அக்கா. வலதுபக்கம் நாளைக்குத்தான்.”

பூனை மரத்தில் நகம் பதித்தது. அணில் முதல் குட்டியை வாயில் கவ்விக்கொண்டது.